ஒரு பிடி பயறு, பத்து கிராம் புரதம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற சாலையில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். தென்னந்தோப்பு மாறாது, வீட்டுப் பேச்சும் அவ்வளவாக மாறாது. மாறுவது கடையில் பயறுக்குச் சொல்லும் பெயர். கிழக்கே கொள்ளு, மேற்கே முதிர. இங்கே பச்சைப்பயறு, அங்கே செறுபயறு. தட்டைப்பயறு கேட்டால் சிவப்பாக வன்பயறு எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் தட்டைப்பயறு இனம்தான், தாராளமாக வாங்கலாம். கடலை என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். நாம் கடலை என்றால் நிலக்கடலையை நினைப்போம். மலையாளக் கடைக்காரர் கொண்டைக்கடலையை அளந்து போடுவார். நிலக்கடலை வேண்டுமென்றால் அங்கே கப்பலண்டி என்று கேட்க வேண்டும்.

இந்த அத்தியாயம் முழுக்க இந்தப் பயறுகளைப் பற்றியதுதான். பால், தயிர், நெய், முட்டை, மீன், இறைச்சி எதுவும் இல்லாமல் நனிசைவமாகச் சாப்பிட்டுக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் ஜிம்மில் பார்பெல் தூக்கும் ஒருவர் தனக்கு வேண்டிய புரதத்தை எங்கிருந்து எடுப்பது? சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிலும், மறையூர், வட்டவடை, மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் இளைஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்டவுடன் டப்பாவில் அடைத்த பவுடரைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுச் சமையலறையைத் திறந்து பார்த்துவிட்டு அந்த டப்பாவைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் எண்ணம். தேவையான பொருள் ஏறக்குறைய எல்லாம் அங்கே இருக்கிறது. அளவுதான் தப்பாக இருக்கிறது.

எவ்வளவு வேண்டும்

சாதாரணமாக நடமாடும் பெரியவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்தன. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது சுமார் 50 கிராம்.

எடை தூக்குகிறவருக்கு இது போதாது. தூக்கும்போது தசை நார்கள் சிதைந்து, ஓய்வில் மறுபடி கட்டப்படுகின்றன. கட்டுவதற்குச் சரக்கு வேண்டும். உடற்பயிற்சியும் புரதமும் குறித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் பலன் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது, அதற்கு மேல் போட்டால் கூடுதலாகப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை என்று கண்டது. ஆகவே 60 கிலோக்காரருக்கு 96 கிராம். உடல் பருமன் மிகுந்தவர்கள் இப்போதைய எடையை வைத்துக் கணக்கிடாமல், போய்ச் சேர வேண்டிய எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

"அது கறி தின்கிறவர்களுக்கான கணக்கு, பயறு தின்று அதே தசை வருமா?" என்ற சந்தேகம் நியாயமானது. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தார் இதை நேராகவே சோதித்தார்கள். ஓராண்டுக்கு மேலாக நனிசைவராக இருந்த இளைஞர்கள் 19 பேர், எல்லாம் உண்பவர்கள் 19 பேர். இரு சாராருக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம்; குறைந்ததை ஒரு பக்கம் சோயாப் புரதத்தாலும் மறுபக்கம் பால் புரதத்தாலும் நிரப்பினார்கள். 12 வாரம் காலுக்குப் பயிற்சி. 2021இல் வெளியான முடிவில் தசை வளர்ச்சியிலும் பலத்திலும் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அளவு சரியாக இருந்தால் மூலம் எதுவென்று தசை பார்ப்பதில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அமெரிக்கப் பளுதூக்கும் வீரர் கென்ட்ரிக் ஃபாரிஸ் 2014இல் நனிசைவத்துக்கு மாறி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தூக்கியதும் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த செய்தி.

பிடிக் கணக்கு

கிராம் கணக்கை நாள்தோறும் தராசில் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. எனவே நம் வீட்டு அளவையே எடுத்துக்கொள்வோம். வளர்ந்தவர் கையால் நிறைய அள்ளிய ஒரு பிடி உலர்ந்த பயறு சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். கொள்ளு, பச்சைப்பயறு, துவரம் பருப்பு, தட்டைப்பயறு, உளுந்து, மொச்சை எதுவானாலும் 100 கிராமில் 20 முதல் 24 கிராம் வரை புரதம். கொண்டைக்கடலையில் கொஞ்சம் குறைவு, 19 பக்கம். நிலக்கடலைப் பருப்பில் 24. ஆக, ஒரு பிடிக்குப் பத்து கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சோயாவில் செய்யும் மீல் மேக்கர் எடை குறைவு, ஒரு பிடியில் 20 கிராம்தான் வரும். ஆனால் அதில் பாதி புரதம், அதுவும் பத்தே.

ஒரு முறை வீட்டிலுள்ள தராசிலோ கடைத் தராசிலோ உங்கள் பிடியை நிறுத்துப் பாருங்கள். சின்னக் கை என்றால் ஒன்றேகால் பிடியை ஒரு பிடியாகக் கொள்ளுங்கள். அதன் பிறகு தராசு வேண்டாம்.

எத்தனை பிடி? எடையைப் பத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். 50 கிலோவுக்கு 6 பிடி, 60க்கு 7, 70க்கு 8. மிச்சப் புரதத்தை அரிசியும் ராகியும் கோதுமையும் காய்கறியும் பார்த்துக்கொள்ளும். பச்சரிசியோ புழுங்கலோ, 100 கிராம் அரிசியில் 8 கிராம் புரதம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. மேலே சொன்ன எண்கள் எல்லாம் உலர்ந்த பயறுக்கு. வெந்தபின் அது தண்ணீர் குடித்து இரண்டரை மடங்கு கனத்துவிடும். 100 கிராம் வெந்த கொள்ளில் 8, 9 கிராம் புரதமே இருக்கும். கைபேசியில் "கொள்ளு 22 கிராம்" என்று பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் வெந்த சுண்டலைத் தின்று 22 கிராம் எழுதிக்கொள்பவர், பாதிக்கும் குறைவாகத்தான் சாப்பிட்டிருக்கிறார். அதனால்தான் ஊற வைக்கும்போதே பிடியை எண்ணச் சொல்கிறேன்.

சாம்பார் ஏன் போதவில்லை

"எங்கள் வீட்டில் தினமும் பருப்புத்தானே" என்று எல்லோரும் சொல்வார்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைச் சாம்பாருக்குத் துவரம் பருப்பு 100 கிராம் போடுவது வழக்கம். தலைக்கு 25 கிராம். புரதம் ஐந்து கிராம் சொச்சம். அரைப் பிடி. தட்டில் சோறு மலையாகவும் பருப்பு அதன்மேல் ஓடுகிற தண்ணீராகவும் இருக்கிறது. எடை தூக்குகிறவர் செய்ய வேண்டிய மாற்றம் இந்த ஒன்றுதான்: பயறு குழம்பிலிருந்து இறங்கித் தட்டில் தனி இடம் பிடிக்க வேண்டும். சோறு அப்படியே இருக்கட்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. தோப்பில் தேங்காய் உரித்தும் தோட்டத்தில் கொழுந்து பறித்தும் விட்டு மாலையில் ஜிம்முக்குப் போகிறவருக்குச் சோறு குறைந்தால், உடம்பு அந்தப் புரதத்தையே விறகாக எரித்துவிடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஏழு பிடி நாளை இப்படி வைத்துப் பார்க்கலாம். காலையில் புட்டும் கடலைக்கறியும்; கறியில் ஒரு பிடி கருப்புக் கொண்டைக்கடலை, பக்கத்தில் ஒரு பிடி பச்சைப்பயறு முளைகட்டி ஆவியில் காட்டித் தேங்காய்த் துருவலோடு. புட்டு மாவின் பங்கையும் சேர்த்தால் 26 கிராம் வந்துவிடும். மதியம் சோறு, ஒரு பிடி கொள்ளில் கடைந்த கொள்ளுப் பருப்பு, ஒரு பிடி தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட பொரியல் அல்லது குழம்பு, ஏதாவது கீரை: 30 கிராம் பக்கம். மாலை பயிற்சிக்கு முன்னாலோ பின்னாலோ ராகிக்கூழ் ஒரு சொம்பு, வேகவைத்த நிலக்கடலை ஒரு பிடி: 15. இரவில் அரிசிம்பருப்பு, வழக்கமாகப் போடும் துவரம் பருப்பைத் தலைக்கு ஒரு பிடியாக ஏற்றி, தொட்டுக்கொள்ள ஒரு பிடி மீல் மேக்கரை மிளகு போட்டு வறுத்துக்கொள்ள வேண்டும்: மறுபடி 26. மொத்தம் 97. ஒரு வேளையில் மொத்தமாகக் கொட்டாமல் மூன்று நான்கு வேளைக்குப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. தசை கட்டும் வேலையைத் தூண்டிவிடுவது லூசின் என்ற அமினோ அமிலம். பயறுப் புரதம் ஒரு வேளைக்கு 25 கிராமை எட்டினால்தான் அது வேண்டிய அளவுக்குக் கிடைக்கும்.

அரிசிம்பருப்பை நான் அடிக்கடி எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். இரண்டும் ஒரே பானையில் வெந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற கலவையைச் சொல்கிறது. எடை தூக்குகிறவர் அதையும் தாண்டி ஒன்றுக்கு ஒன்று பக்கம் போக வேண்டியிருக்கும். இட்லியும் தோசையும், கேரளத்துக் கஞ்சியும் பயறும் எல்லாம் இந்த வகைச் சேர்க்கைதான். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அன்றைய நாளுக்குள் இரண்டும் வயிற்றுக்குப் போனால் போதும்.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைக் கேட்டுவிட்டு, ஒல்லியான பையன்கள் கொள்ளைத் தொடப் பயப்படுகிறார்கள். கொள்ளு தசையைக் கரைக்காது. வயிறு சீக்கிரம் நிறைந்த உணர்வைத் தருவதால் அதைத் தின்பவர் மற்றதைக் குறைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். எடை ஏற வேண்டியவர் கொள்ளோடு ஒரு கைப்பிடி எள்ளையும் சேர்த்துக் கடைந்துகொள்ளலாம். பழமொழியின் இரண்டு பாதியும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடும்.

அட்டப்பாடித் துவரையும் ஆட்டின் கொம்புபோல வளைந்த அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும் 2022இல் புவிசார் குறியீடு பெற்றவை. பாலக்காட்டு மாவட்டத்து இந்தப் பயறுகள் கிடைக்கும்போது விடாதீர்கள். இடுக்கிப் பக்கம் இருப்பவர்களுக்கு மலைச் சந்தைகளில் பீன்ஸ் விதைகள் கிடைக்கும். ராஜ்மா, பட்டர் பீன்ஸ் போன்ற பெரிய விதைகளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிட வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். முக்கியமாக ராஜ்மாவில் இந்த விஷயத்தில் சலுகையே கிடையாது.

வாயு

"இத்தன பயறு தின்னா வாயு புடிச்சுக்கும் கண்ணு" என்று வீட்டில் அம்மா சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. பயறில் உள்ள சில வகைச் சர்க்கரைகளை நம் சிறுகுடல் செரிக்காது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று காற்றை வெளியிடும். ஆனால் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் பழகிக்கொள்ளும். முதல் நாளே ஏழு பிடிக்குத் தாவாதீர்கள். இப்போது நீங்கள் தின்பது இரண்டு பிடி என்றால் வாரத்துக்கு ஒரு பிடியாக ஏற்றுங்கள். ஐந்து வாரத்தில் ஏழுக்கு வந்துவிடலாம்.

ஊறவைப்பதில் சோம்பல் கூடாது. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி கழுவிப் போய்விடும். இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைக்கும் பைட்டேட்டும் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். கொள்ளு வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுப்போம், அதைக் கொட்ட வேண்டாம். ஊறின தண்ணீரை மட்டும் கொட்டுங்கள். பெருங்காயம், இஞ்சி, பூண்டு, சீரகம் இவற்றை நம் பாட்டிமார் பயறோடு சேர்த்து வைத்ததை மாற்ற வேண்டியதில்லை. அதற்கும் அடங்காத வயிறு என்றால் முழுப் பயறுக்குப் பதிலாகத் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தொடங்குங்கள். பயறிலேயே எளிதாகச் செரிப்பது அதுதான்.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையும் கூட்ட வேண்டும். பயறோடு நார்ச்சத்தும் கூடுகிறது. தண்ணீர் இல்லாத நார்ச்சத்து மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சோயா பயம்

மீல் மேக்கர் தின்றால் ஆண்மை குறையும், மார்பு வளரும் என்று ஜிம்மில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் அமைப்பு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். பயம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் ஆண்களை வைத்துச் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வும், அதைப் புதுப்பித்த 2021ஆம் ஆண்டு ஆய்வும் சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதாகக் காணவில்லை. நாளுக்கு ஒன்றிரண்டு பிடி மீல் மேக்கரில் அச்சப்பட ஒன்றுமில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: மாத்திரை குடலில் சேர்வதைச் சோயா தடுக்கும். மாத்திரை காலை வெறும் வயிற்றில் என்றால், சோயா மதியத்துக்கோ இரவுக்கோ போகட்டும்.

மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை பிழிந்து எடுத்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். சின்ன உருண்டையாக வாங்கினால் மசாலா உள்ளே இறங்கும்.

ஏமாற்றும் பொருள்கள்

நம் ஊரே தேங்காயால் வாழ்கிறது. அதனால் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது. தேங்காயைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். 100 கிராம் தேங்காய்த் துருவலில் புரதம் மூன்று நாலு கிராம், கொழுப்பு முப்பதுக்கும் மேல். தேங்காய்ப்பாலும் அப்படியே, பசும்பாலுக்கு மாற்றாக அதைக் காப்பியில் ஊற்றலாம், புரதத்துக்கு மாற்றாக அல்ல. பாதாம்பால் பொட்டலங்களும் பெரும்பாலும் தண்ணீர்தான். சோயாப்பால் மட்டுமே பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்கும், 100 மில்லிக்கு மூன்று கிராம் சுற்றி.

பலாக்காய்க் கறி மெல்லும்போது இறைச்சிபோல இருக்கும். அதில் புரதம் 100 கிராமுக்கு இரண்டு கிராம் அளவே. காளானும் அதே கதை: பச்சைக் காளானில் மூன்று நாலு கிராம். இரண்டும் நல்ல உணவுகள், தாராளமாகச் சாப்பிடுங்கள். பிடிக் கணக்கில் மட்டும் எண்ணாதீர்கள்.

தயிரை விட்டவர்களுக்கு

கறியை விடுவது இங்கே பலருக்குக் கஷ்டமில்லை. தயிரும் மோரும் இல்லாமல் சாப்பாட்டை முடிப்பதுதான் கஷ்டம். நிலக்கடலைத் தயிர் இதற்கு நல்ல வழி. 100 கிராம் நிலக்கடலையை ராத்திரி ஊறவைத்துத் தோல் நீக்கி, அரை லிட்டர் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்டுங்கள். அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, காம்போடு கூடிய ஏழெட்டுப் பச்சை மிளகாயை அதில் போட்டு மூடிவைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். மிளகாய்க் காம்பில் இருக்கும் நுண்ணுயிர்தான் உறை. அடுத்த தடவைக்கு இந்தத் தயிரிலேயே ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றலாம், நன்றாகக் கெட்டியாக வரும். வடிகட்டிய சக்கையைத் தூக்கி எறியாதீர்கள். கணிசமான புரதம் அதில் தங்கிவிடுகிறது. சட்னியிலோ அடை மாவிலோ சேருங்கள்.

பவுடர் வாங்கலாமா

வாங்கலாம், அவசியம் இருந்தால். பகல் முழுக்க வண்டி ஓட்டுகிறவர், விடுதியில் தங்கிப் படிக்கிறவர், பிடிக் கணக்கை எவ்வளவு முயன்றும் எட்ட முடியாதவர், இவர்களுக்குப் பட்டாணிப் புரதமோ சோயாப் புரதமோ ஒரு கரண்டிக்கு 20 முதல் 25 கிராம் தரும். வே புரோட்டீன் பாலிலிருந்து எடுப்பது, நனிசைவருக்கு ஆகாது. இந்தியாவில் நனிசைவ உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதிகள் கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் இலையோடு கூடிய ஆங்கில வி எழுத்துச் சின்னத்தைப் பொட்டலத்தில் தேடுங்கள். சாதாரணப் பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்லும். பாலும் தேனும் அதற்குள் அடங்கும்.

வீட்டில் செய்வதற்கு ஒரு சத்துமாவு சொல்கிறேன். பொட்டுக்கடலை 200 கிராம், வறுத்த நிலக்கடலை 100, வறுத்த கொள்ளு 100, முளைகட்டிக் காயவைத்த ராகி 100, வறுத்த எள்ளு 50. ஆறவைத்துச் சேர்த்து அரையுங்கள். நிலக்கடலையும் எள்ளும் எண்ணெய் விடும், அவற்றைக் கடைசியில் போட்டுச் சுற்றி எடுங்கள். 50 கிராம் மாவுக்குப் பத்து கிராம் புரதம் வரும். கடைப் பவுடருக்கு இது ஈடு என்று நான் சொல்லமாட்டேன், பாதிதான் வரும். ஆனால் பள்ளிக்கூடப் பையில் போட்டுப் போகலாம், மறையூர் வெல்லம் கொஞ்சம் தட்டிப்போட்டுப் பிசைந்து தின்னலாம், தட்டுப்பாடில்லாமல் வீட்டில் எல்லோருக்கும் போதும்.

பயறால் வராதவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வைட்டமின் பி12 எந்தப் பயறிலும் இல்லை, கீரையிலும் இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். நம்பி இருக்கக்கூடிய அளவில் இரண்டிலும் இல்லை. பால்கூடக் குடிக்காதவர் மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும்: நாள்தோறும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒரு தடவை 2000 மைக்ரோகிராம். உடம்பில் பல ஆண்டுக்கான சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. பாதம் மரத்துப்போவதும் கை விரல் குறுகுறுப்பதும் தெரியவரும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள்.

இரும்புச்சத்து பயறில் உண்டு, ஆனால் உடம்பு அதை எளிதில் எடுத்துக்கொள்ளாது. நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சைச் சாறோ கூடச் சேர்ந்தால் எடுக்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் விட்டுவிடும். தோட்டப் பகுதிகளில் சோற்றுக்கு முன்னும் பின்னும் கடுந்தேநீர் குடிப்பது பழக்கம். அங்கே எடை தூக்கும் பெண்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன், தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் அக்கா என்று. மாதவிடாயில் ரத்தம் போகிறவர்கள் ஹீமோகுளோபின் பார்க்காமல் பயிற்சியின் களைப்பு என்று நினைத்து இருந்துவிடக் கூடாது.

பால் போனால் சுண்ணாம்புச்சத்து போய்விடுமே என்று கேட்பவருக்கு ராகி பதில்: 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல். எள்ளும் கீரையும் மிச்சத்தைத் தரும். வைட்டமின் டி மாத்திரை எழுதிக் கொடுத்தால் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலான டி3 ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது, டி2வும் லைக்கனிலிருந்து எடுத்த டி3யும் நனிசைவருக்கு ஆகும்.

கிரியாட்டின் இறைச்சியிலும் மீனிலும் இருப்பது. நனிசைவர் தசையில் அதன் இருப்பு குறைவாக இருக்கும், ஆகவே எடுத்துக்கொள்ளும்போது பலன் நன்றாகத் தெரியும். நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். ஆலையில் வேதிமுறையில் தயாராவது, விலங்குப் பொருள் அல்ல. மாத்திரை உறையில் ஜெலட்டின் இருக்கக்கூடும் என்பதால் தூளாக வாங்குங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கிரியாட்டினும் சரி, ஏழு பிடிப் பயறும் சரி, மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் நெடுநாளாக உள்ளவர்கள் முதலில் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

சுமை ஏற வேண்டும்

தட்டைச் சரி செய்துவிட்டு, பார்பெல்லில் ஆறு மாதமாக அதே எடையைத் தூக்கிக்கொண்டிருந்தால் பயறு வீண். ஸ்குவாட், டெட்லிஃப்ட், மார்புக்கும் தோளுக்கும் தள்ளுவது, முதுகுக்கு இழுப்பது, இந்த நாலைந்தை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்தால் போதும். போன வாரம் எட்டு முறை தூக்கியதை இந்த வாரம் ஒன்பது முறை தூக்க முயலுங்கள். பன்னிரண்டை எட்டியதும் எடையை இரண்டரைக் கிலோ ஏற்றி மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு நோட்டில் தூக்கிய எடையை ஒரு பக்கமும் தின்ற பிடியை மறுபக்கமும் எழுதி வைத்தால், எடை ஏறாமல் நின்ற வாரங்களில் மறுபக்கத்தில் நாலு பிடிதான் இருந்தது என்பது தானாகத் தெரியும்.

மாதச் சாமான்

60 கிலோக்காரர் ஒருவருக்கு மாதத்துக்குப் பயறும் பருப்பும் சேர்த்து ஏழரைக் கிலோ, நிலக்கடலை ஒன்றேகால் கிலோ, மீல் மேக்கர் அறுநூறு கிராம் வேண்டும். கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, துவரம் பருப்பு ஐந்தையும் ஒன்றரைக் கிலோ வீதம் வாங்கினால் கணக்கு சரியாக வரும். பொள்ளாச்சிப் பக்கம் போகும்போது மொத்தக் கடையில் வாங்குவது கட்டுப்படியாகும். புதுப் பயறாகக் கேட்டு வாங்குங்கள். பழைய பயறு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் கல்லாக நிற்கும். கொண்டைக்கடலையில் இதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இத்தனை பயறை வீட்டில் வைத்தால் வண்டு வரும், முக்கியமாகத் தட்டைப்பயறிலும் பச்சைப்பயறிலும். வாங்கிவந்த அன்றே முறத்தில் புடைத்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முழுக்க ஆறியபின் மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள்; சூடு ஆறாமல் மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். காய்ந்த வேப்பிலையோ நாலு வசம்புத் துண்டோ துணியில் கட்டி உள்ளே வைக்கலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருக்கும், வெயில் கிடைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு மாதத்துக்கானதை ஒரேயடியாக வாங்கிச் சேர்க்காமல், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமாக வாங்கி, வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி வையுங்கள். முளைகட்டுவதற்கு வைத்திருக்கும் பயறை மட்டும் வறுத்துவிடாதீர்கள், சூடு பட்டால் முளைக்காது.